தோட்டத்துக் குளத்தில் நான் விட்ட மீன்கள்

லாயாங் லாயாங்கில் எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில், பாசி தின்பதற்காக வாங்கிய பண்டாராயா மீன்கள் இரண்டு இடங்கொள்ளாமல் வளர்ந்துவிட்டன. புரட்டாசி விரதத்தில் உயிர்க்கொலை ஆகாதென்று, அவற்றைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக் குளத்தில் விட்டு மனநிறைவோடு திரும்பினேன்.

சில ஆண்டுகளுக்குப் பின், மனைவியின் அறுவைக் காயம் ஆறுவதற்கு விரால் வேண்டி, அக்குளத்தில் வலைவீசும் முனியாண்டியிடம் போனேன். அவர் வலையை உதறினார். விழுந்தவை யாவும் பண்டாராயா.

“விரால் ஏதுண்ணே? கரையெல்லாம் பொந்து போட்டு, முட்டையெல்லாம் தின்னுருச்சு இந்தச் சனியன். எந்த மகராசன் கொண்டாந்து விட்டானோ!”

“நான்தான்” என்றேன்.

“அலமாக்! நீங்களா?” அதன்பின் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெறுங்கையுடன் வீடு திரும்பினேன்.

இப்போது ஞாயிறுதோறும் அவருடன் வலையிழுத்து, அகப்படும் பண்டாராயாக்களைக் கொன்று புதைக்கிறேன். விரால் இன்னும் ஒன்றுகூட அகப்படவில்லை.