கேக் அக்காவின் கண்ணாட்டம்

கேக் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே கண்கள் இரண்டும் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கும். அவள் ஆட்டுவதில்லை, அவை தாமாகவே ஆடும். சின்ன வயதில் டாக்டர் அதற்கு நிஸ்டாக்மஸ் என்று பெயர் சொன்னார். அவளுடைய அப்பாவின் வாயில் அது நுழையவே இல்லை. "கண்ணாட்டம்" என்றார். வீட்டில் அதுவே நிலைத்துவிட்டது.

முகத்தை இடப்பக்கம் திருப்பிக் கடைக்கண்ணால் பார்த்தால் ஆட்டம் கொஞ்சம் அடங்கும். அந்தக் கோணத்தை எட்டு வயதில் அவளே கண்டுபிடித்தாள். "நேரா பாரு" என்று தலையைப் பிடித்துத் திருப்பிய டீச்சர்களுக்குக் கணக்கில்லை. தூரத்தில் வரும் பஸ்ஸின் எண் தெரியாது. தெரிவதற்குள் பஸ் போய்விடும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பதினோரு வருடமாக பேக்கரியின் பின்னறையில், கேக்குக்கு ஒரு சாண் தள்ளி முகத்தை வைத்துக்கொண்டு, கிரீமால் பெயர் எழுதினாள். எழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும்.

புது மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். கவுண்டரில் ஆள் குறைந்ததும் அவளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார். முதல் நாளே ஒரு பெரியவர், "யாரைப் பார்த்தும்மா பேசுற? நான் இங்க நிக்கிறேன்" என்றார். மறுநாள் ஒரு பெண், "கண்ணை உருட்டிக் கிண்டல் பண்றா" என்று புகார் கொடுத்தாள். பதற்றம் கூடக் கூட ஆட்டமும் கூடியது. ஒரே வாரத்தில் அக்காவுக்கு வேலையே வெறுத்துப் போயிற்று.

அப்போதுதான் ரொட்டி வாங்க ஒரு தையல்காரர் வந்தார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவர், மோவாயை நெஞ்சில் புதைத்துப் புருவத்துக்கு அடியிலிருந்து பார்த்தார். இந்தப் பக்கம் இவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் சண்டை வரப்போகிறது என்றே நினைத்தார்கள்.

"உங்களுக்கும் ஆடுமா?" என்றார் அவர்.

"பிறந்ததுலேர்ந்து."

"எனக்கும்தான். சனிக்கிழமை லைப்ரரி மாடிக்கு வாங்க. நம்ம ஆளுங்க அஞ்சாறு பேர் கூடுவோம்."

முப்பத்து நாலு வயதில், இந்த விஷயத்தில் "நம்ம ஆளுங்க" என்று ஒருவர் சொல்லி அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

போனாள். மேசையைச் சுற்றி ஆறு பேர். ஒருவர் ஜன்னல் பக்கம், ஒருவர் கூரைப் பக்கம், ஒருவர் கழுத்தைச் சாய்த்தபடி. ஆனால் அத்தனை பேரும் பார்த்தது அவளைத்தான். அது புரிந்ததும் சிரித்துவிட்டாள். கூடவே கண்ணும் கலங்கிவிட்டது.

"பஸ் நம்பரை போன்ல படம் புடிச்சுப் பெருசாக்கிப் பாருங்க" என்றார் ரிடையரான பேங்க் அம்மா. கவுண்டர் கதையைக் கேட்ட தையல்காரர், "மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?" என்றார்.

"அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

"அது இருக்கட்டும். சொன்னீங்களா?"

சொல்லவில்லை. பதினோரு வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

கிளம்பும்போது லைப்ரரி ஊழியர் குரூப் போட்டோ எடுக்க வந்தார். "எல்லாரும் தலையை நேரா வச்சுக்கங்க!"

"இதுதான் எங்களுக்கு நேரா!" என்று ஏழு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். கீழே படித்துக்கொண்டிருந்தவர்கள் மாடியை நிமிர்ந்து பார்த்தார்களாம்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. "யாருமே எங்கிட்ட சொல்லலியேம்மா."

"நானே சொல்லலியே, சார்."

அன்றே அவள் பின்னறைக்குத் திரும்பினாள். ஆர்டர் சீட்டுகளை இனி கொட்டை எழுத்தில் அடிக்கச் சொன்னார் மேனேஜர். முதல் சீட்டைப் பார்த்த ரொட்டி மாஸ்டர், "அப்பாடா, எனக்கும் இப்பத்தான் தெரியுது!" என்றார். கண்ணாடி போட வெட்கப்பட்டு இத்தனை நாள் குத்துமதிப்பாகப் படித்து வந்திருக்கிறார் மனிதர்.

இரண்டு மாதம் கழித்து, லைப்ரரி மாடிக்கு ஓர் இளம் தாய் ஆறு மாதக் குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குக் கண்ணாட்டம். அழுதழுது அம்மாவின் முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, இவளுக்கு எல்லாமே ஆடிக்கிட்டே தெரியுமா?"

"இல்லம்மா. எனக்கும் பிறந்ததுலேர்ந்து இருக்கு, எதுவும் ஆடித் தெரியாது. வெளியிலேர்ந்து பார்க்கிறவங்களுக்குத்தான் ஆட்டம்."

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். கேக் அக்கா குழந்தையை வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டாள். அது கண்கள் ஆட ஆட அவளை நிதானமாக ஆராய்ந்தது. பிறகு சட்டென்று கையை நீட்டி, குறி தப்பாமல் அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது.

"ஐயோ, விடுடி தங்கம்!" என்று அலறினாள் அக்கா. பிடியை விடுவிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.