தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுக்காத சைக்கிள்

என் செல்லங்களே, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் நம் நாட்டின் வெளியுறவுக் கொள்கைப் பாடத்தைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தீர்கள். "இது டில்லிக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்குப்பா?" என்று சின்னவள் கேட்டாள். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன். எண்பதுகளின் தொடக்கம். தேரடிப் பக்கம் நான் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தேன்.

கடையில் ஒரு ரேடியோ இருந்தது. செய்தி நேரத்தில் யார் பேசினாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவேன். தென்னாப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டம். உலக நாடுகளின் சபையில் முதன்முதலாக அதைத் தட்டிக்கேட்டது நம் நாடு. அந்த நாட்டோடு நமக்கு வியாபாரம் கிடையாது, ஒரு குண்டூசி கூட. பஞ்சர் ஒட்டிக்கொண்டே கண்ணை மூடினால், எங்கோ ஒரு பெரிய மண்டபத்தில் நம் ஆள் ஒருவர் எழுந்து நிற்பார். எல்லா நாட்டுக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் தினமும் பார்த்த கனவு அது.

ஐப்பசி மாதம் ஒரு காலை. மழை விட்டு, ஊருக்கு மேலே நிற்கும் அண்ணாமலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. அறுபது வயதிருக்கும் ஒருவர் இடது காலை இழுத்து இழுத்து வந்து சைக்கிள் கேட்டார். நம்மைப் போன்ற முகம்தான். பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டுதான் வண்டி கொடுப்பது வழக்கம். நோட்டை எடுத்து, "எந்த ஊருங்க?" என்றேன்.

"தென்னாப்பிரிக்கா, தம்பி."

பேனாவை மூடி வைத்தேன். "மன்னிச்சுக்குங்க ஐயா. உங்க நாட்டுக்கும் எங்க நாட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லீங்க."

அவர் என்னையே பார்த்தார். "சைக்கிள் கடையில கூடவா?"

"எங்கயும் இல்லீங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. "நல்லது தம்பி. விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மலை சுற்றும் பாதைக்கு வழி மட்டும் கேட்டுக்கொண்டு நடந்தார்.

பக்கத்தில் பூக்கடை வைத்திருந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஏண்ணே, டில்லிலேர்ந்து உனக்குத் தந்தி வந்துச்சா?"

"சும்மா இரும்மா. இது நாட்டு விஷயம்."

"பெரிய நாடு! அந்தாளு எங்கிட்ட பூ வாங்கறப்ப சொல்லிட்டுத்தான் வந்தாரு. அவங்க முன்னோருங்க நம்ம பக்கத்துக்காரங்களாம். ஊரு பேரு தெரியலையாம். மலை அவங்க ஊட்டு வாசல்லேர்ந்து எப்படித் தெரியும்னு மட்டும் ஒரு தாள்ல வரைஞ்சி வெச்சிருக்காரு. அந்த எடத்தப் பாத்துட்டு நாலு மணி மெட்ராஸ் பஸ்ஸப் புடிக்கணுமாம், நாளைக்கு பிளேன். உன் ரேடியோ யாருக்காவப் பேசுது? அவருக்காவத்தானே?"

எனக்குக் காது சுட்டது. "வியாபாரம் கூடாதும்மா…"

"வாடகை வாங்குனாத்தாண்ணே வியாபாரம். பின்னால ஒக்கார வெச்சிக் கூட்டிட்டுப் போவக்கூடாதுன்னு எவன் சொன்னான்?"

கடையை அவளைப் பார்க்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். செங்கம் சாலையில் அவரைப் பிடித்தேன். "ஏறுங்க ஐயா. வாடகை கெடையாது, அதனால தப்பில்ல" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கேரியர் ஆடியது.

பாதையில் ஆளே இல்லை. புளிய மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை இறங்கி அந்தத் தாளை விரித்து, மேகம் விலகுமா என்று வெகுநேரம் காத்திருப்பார். உயரமாக ஒரு வளைவு, அதன் தோளில் சாய்ந்தாற்போல் ஒரு சின்ன வளைவு. ஒவ்வொரு கார்த்திகைக்கும் அவருடைய அம்மா, தலைமுறையாக வந்தபடி, அடுப்படிச் சுவரில் கரியால் வரைந்து விளக்கேற்றுவாராம்.

"நாங்க இருந்த எடம் வெள்ளக்காரங்க ஏரியான்னு சொல்லி எங்கள லாரில ஏத்தி அனுப்பிட்டாங்க தம்பி. செவுத்த எடுத்துட்டுப் போவ முடியுமா? அம்மா இந்தத் தாள அது மேல வெச்சி வரைஞ்சி எடுத்துக்கிட்டாங்க."

மிதித்துக்கொண்டே கேட்டேன். "எங்க ஆளுங்க அந்தச் சபையில பேசறது உங்களுக்குத் தெரியுங்களா?"

"ரேடியோவ மெதுவா வெச்சிக் கேப்போம். மறுநாளு ஒண்ணும் மாறாது தம்பி. ஆனா அன்னிக்கித் தூங்குவோம்."

அடி அண்ணாமலை தாண்டியபோது மணி இரண்டரை. மேகம் அசையவில்லை. ஒரு நிலக்கடலைக் கொல்லையின் வரப்பில் உட்கார்ந்தோம். மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். காற்று கூட நின்றுவிட்டது போல இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்ப்பதும் அவர் மலையைப் பார்ப்பதுமாக இருந்தோம்.

பிறகு மேகம் மேலிருந்து அல்ல, பக்கவாட்டில் ஒதுங்கியது, தாவணி விலகுவது போல. அவர் எழுந்து தாளை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். எண்ணெய் பட்டு மெலிந்த தாள். அதன் வழியே மலை தெரிந்தது. கையை முன்னும் பின்னும் நகர்த்தினார். பெரிய வளைவு உட்கார்ந்தது. சின்ன வளைவும் போய் உட்கார்ந்தது. கோடு ஒருமுறை விலகி, மறுபடி மலை மேல் சேர்ந்தது.

"எந்த ஊருங்க நீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இதாம்மா" என்றார்.

அவள் மண்ணோடு ஒரு கைப்பிடி மல்லாட்டையை நீட்டினாள். தட்டாமல், மண்ணோடேயே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். படியில் நின்று என் கையைப் பிடித்தார். பஸ் போன பிறகு கடைக்கு வந்தேன். பூக்கடை அம்மாள் சாவியைக் கொடுத்துவிட்டு, "டில்லில எல்லாம் சவுக்கியமா?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

ரேடியோவில் செய்தி நேரம் வந்தது. அன்றைக்கு நான் போடவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பென்சிலை எடுத்துக்கொண்டு கடை வாசலில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷம் அங்கே இருந்தும் நான் நின்று பார்க்காத மலை. நம் வாசலிலிருந்து அது எப்படித் தெரிகிறதோ அப்படியே, அடிவாரத்திலிருந்து ஆரம்பித்து, ஒரு கோடு இழுத்தேன்.