கரையைப் பார்த்து உட்கார்ந்தவர்

என் வீட்டுக்காரர் ஸௌந்தரராஜன் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை; சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கிற வேலை. நாய் குரைத்தால் வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவார். காஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை வந்து, மறுபடி உள்ளே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் எங்கள் பெண் ஸிந்துஜா தொலைந்துவிடுவாளோ என்று, அவள் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் மேல்துண்டால் சேர்த்துக் கட்டிக்கொள்வார். பாவாடை கட்டின வயதில் கட்டினால் சரி. ஏனாத்தூர் காலேஜுக்குப் போகிற பெண்ணைக் கட்டினால் அவள் என்ன செய்வாள்? "அப்பா, என் ஃப்ரெண்ட்ஸெல்லாம் பார்க்கறாப்பா" என்று கெஞ்சுவாள். முடிச்சு அவிழாது.

சித்ரா பௌர்ணமி வந்தால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு எங்கள் வரதராஜப் பெருமாள், படி இறங்கிப் போகிற நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளிவிட்டுப் பாலாற்றுக்கு வருவார். ஆற்றில் தண்ணீர் ஏது, வெறும் மணல்தான். நடுவில் பந்தல் போட்டிருக்கும். ஊர் ஜனம் சாயங்காலமே மணலில் இறங்கி, ஜமக்காளம் விரித்து, கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பிரித்து உட்கார்ந்துவிடும். எல்லோரும் பந்தலைப் பார்த்து உட்கார்ந்தால் இவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு கரையைப் பார்த்து உட்காருவார். செருப்பைக் கழற்றிக் கரை ஏறுகிற இடத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிடுவார். ஏன் என்று கேட்டால், "மேல எங்கயாவது மழை பெஞ்சு திடீர்னு தண்ணி வந்துட்டா? எந்த வழியா வந்தோம்னு தெரியணுமோல்லியோ?" என்பார். வெள்ளம் வருவதற்கு அது முதலில் ஆறாக இருக்க வேண்டாமா என்று நான் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இப்படிப்பட்ட மனுஷரைத்தான் தொண்ணூற்றொன்பதாம் வருஷம், சித்ரா பௌர்ணமி முடிந்த கையோடு, கப்பலேற்றி அந்தமானுக்கு அழைத்துக்கொண்டு போனோம்.

அவராக வரவில்லை. குடும்பத்தோடு ஊர் சுற்றிவர ஆபீஸில் கொடுக்கிற எல்.டி.சி. சலுகை அந்த வருஷத்தோடு காலாவதி ஆகிறதென்று ஸிந்துஜா அரித்தெடுத்துவிட்டாள். அதே ஆபீஸில் போஸ்ட்மேனாக இருந்த ஐயம்பேட்டை வீராசாமியும் அவர் மனைவி வடிவும் கூட வருவதாகச் சொன்னார்கள். வீராசாமி இவருக்கு நேர் எதிர். எதற்கும் சிரிப்பார், எதிலும் முன்னால் போவார். "நான் இருக்கறன் சார், இன்னா பயம்?" என்று அவர் முதுகில் தட்டித்தான் இவரைக் கப்பல் ஏணியில் ஏற்றினார். மூன்று நாள் பயணத்தில் இவர் உயிர் காக்கும் சட்டையைக் கட்டிக்கொண்டே தூங்கினார். சங்கு ஊதும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து, "மூழ்கறதா?" என்று கேட்பார்.

போர்ட் பிளேரில் இறங்கினபின் ஸிந்துஜா எங்களை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை. கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் பவளப்பாறை பார்க்கப் போனோம். காலுக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாகப் பாறைகள், அவற்றினிடையே மஞ்சள் மீன்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இவர் கண்ணாடி மேல் பாரம் விழக்கூடாதென்று இரண்டு காலையும் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி வரதனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ராஸ் தீவில் இடிந்த சர்ச் ஒன்றை ஆலமர வேர்கள் கவ்விக்கொண்டிருந்ததைப் பார்த்தோம். அங்கே பிஸ்கட்டுக்காக ஒரு மான் கிட்டே வந்தது. மானைப் பார்த்து ஓடின ஒரே மனிதர் எங்களவர்தான். செல்லுலர் ஜெயிலில் ஒலி-ஒளிக் காட்சி நடந்தபோது முழு நேரமும் என் கையை விடவில்லை. வீராசாமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சார் கூட வந்தா தனியா ஷோ பாக்கத் தேவையில்ல டீச்சரம்மா" என்றார். நான் ஸ்கூல் டீச்சர்; அவர்களுக்கு டீச்சரம்மா. நானும் சிரித்தேன்.

அமாவாசையன்று சூரிய அஸ்தமனம் பார்க்கக் கிளம்பினோம். காலையில் இவர் லாட்ஜ் மொட்டை மாடியில் தர்ப்பணம் பண்ணியிருந்தார். அமாவாசை ராத்திரி அவருக்குச் சாதம் கிடையாது, பலகாரம்தான். அதனால் லாட்ஜ் சமையலறையில் இடம் கேட்டு நானே இட்லி வார்த்து, ஊரிலிருந்து கொண்டுபோன மந்தாரை இலையில் கட்டி ஒரு கூடையில் எடுத்துக்கொண்டேன். ஜீப்காரன் ஊருக்குத் தெற்கே வெகுதூரம் போய், ஆளில்லாத ஒரு கரையில் எங்களை இறக்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வருவதாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். எல்லோரும் கரையில் உட்கார்ந்துதான் அங்கே சூரியனைப் பார்ப்பார்கள். அதற்குமேல் இறங்கிப் போகிற ஜனங்களும் உண்டு என்று அவனுக்குத் தோன்றியிருக்காது.

நாங்கள் பார்த்தபோது கடல் வெகு தூரத்துக்கு உள்வாங்கிப் போயிருந்தது. கண்ணுக்கு எட்டினவரை ஈர மணல், செத்த பவளம், குட்டை குட்டையாகத் தண்ணீர், அதில் நட்சத்திர மீன். நடுவில் கொஞ்சம் பள்ளம், கணுக்கால் நனைகிற அளவு தண்ணீர், எங்கள் தெரு அகலம்கூட இருக்காது. அதைத் தாண்டினால் மேடாக ஒரு மணல் திட்டு.

"நம்ம பாலாறு மாதிரியே இருக்குது டீச்சரம்மா" என்றாள் வடிவு.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கடல் தெரியாத ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் போனால் போனதுதான், மாதக்கணக்கில் திரும்பாது. மணலைக் கண்டால் இறங்கி ஜமக்காளம் விரிப்பதுதான் எங்கள் பழக்கம். அதனால் கூடையையும் ஜமக்காளத்தையும் தூக்கிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டித் திட்டில் போய் உட்கார்ந்துவிட்டோம்.

இவர் கரையிலேயே நின்றார். வீராசாமி திரும்பிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். வந்தவர் பள்ளத்தில் இறங்குவதற்கு முன், கரைப் பக்கத்திலேயே செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். திட்டுக்கு வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, கரையைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இன்னா சார், இங்கயும் கரையப் பாத்துக்கினு உக்காந்துட்டீங்க? சூரியன் இந்தப் பக்கம்" என்றார் வீராசாமி.

"நீங்க பாருங்கோ. எனக்கு இது போதும்" என்றார் இவர்.

இட்லியைப் பிரித்தோம். மிளகும் சுக்கும் வாசனை அடித்தது. சூரியன் சிவந்து இறங்கியது. எதிரே கடல் அதே தூரத்தில் சாதுவாகத்தான் இருந்தது. அதனால் எங்களுக்குக் கவலையே இல்லை.

"வரலக்ஷ்மி, செருப்புக்கிட்ட தண்ணி வந்துடுத்து" என்றார்.

"வரட்டும், சாப்பிடுங்கோ" என்றேன் திரும்பாமல்.

கொஞ்ச நேரம் கழித்து, "செருப்பு மிதக்கறது" என்றார்.

"போனா வேற வாங்கிக்கலாம்பா" என்றாள் ஸிந்துஜா.

பிறகு மிக மெதுவாக, "எல்லாரும் எழுந்திருங்கோ" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் பயந்தால் கத்துவார். மெதுவாகப் பேசினதில்லை. திரும்பிப் பார்த்தேன்.

பள்ளம் இருந்த இடத்தில் கடல் இருந்தது. தெரு அகலம் தண்ணீர் நாலு தெரு அகலமாகிவிட்டது. அலை இல்லை, சத்தமில்லை, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த கடல், எங்களைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்துவிட்டது. திட்டும் சுருங்கி, ஜமக்காளத்தின் ஓரம் நனைய ஆரம்பித்தது. என் கையிலிருந்த இட்லி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. வடிவு அழத் தொடங்கினாள். எங்கள் ஐந்து பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. கத்தினால் கேட்கக் கரையில் ஆளில்லை. அந்த ஊரில் சூரியன் விழுந்தால் இருட்டத் துளி நேரம்தான். என் பெண் இங்கே சாகப்போகிறாள் என்று நினைத்தேன்.

வீராசாமி உட்கார்ந்த இடத்திலிருந்து எழவே இல்லை. எதற்கும் சிரிக்கிற மனிதர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மணலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பயம் என்றால் என்னவென்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களவருக்கு அது அன்றாடப் பழக்கம். உடம்பு முழுக்க நடுங்கியது, பல் தந்தியடித்தது, ஆனால் கை மட்டும் வேலை செய்தது. மேல்துண்டை எடுத்து ஸிந்துஜாவின் மணிக்கட்டையும் தன் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டினார். அவளுடைய இன்னொரு கையை என்னிடம் கொடுத்தார். என் முந்தானையையும் வடிவின் முந்தானையையும் முடிச்சுப் போட்டார். பிறகு வீராசாமிக்கு எதிரில் போய்க் குனிந்தார்.

"வீராசாமி, எனக்கு ரொம்ப பயமா இருக்கு. நீங்களும் கையைப் பிடிச்சுண்டா கொஞ்சம் தேவலை."

வீராசாமி எழுந்து வடிவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

இடது பக்கம் கரை கிட்டத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. "அப்பா, அந்தப் பக்கமாப் போயிடலாம்" என்று ஸிந்துஜா இழுத்தாள்.

"கூடாது. செருப்புக்கு நேர் மேல அதோ அந்தச் சாய்ஞ்ச மரம். நாம வந்த வழி அதுதான். பக்கத்துல எவ்வளவு ஆழமோ நமக்குத் தெரியாது."

அவ்வளவு நேரம் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு போய்விட்டது, மரம் இருந்தது.

இறங்கினோம். முழங்கால், இடுப்பு, மார்பு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. புடவை காலைச் சுற்றிக்கொண்டது. பவளம் பாதத்தை அறுத்தது. இவர் ஒவ்வொரு அடிக்கும், "பயமா இருக்கு, பயமா இருக்கு" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனார். கால் வைத்துத் தரை இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார், அப்புறம்தான் அடுத்த அடி, காஸ் அடுப்பைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பாதி வழியில் ஸிந்துஜாவின் கால் நழுவியது. என் கையிலிருந்து அவள் விரல்கள் வழுக்கிக்கொண்டு போய்விட்டன. தலை உள்ளே போனது. நான் கத்தினேனா என்று எனக்கு ஞாபகமில்லை. தண்ணீருக்கு மேல் துண்டு மட்டும் விறைத்து நின்றது. இவர் ஓரடி பக்கவாட்டில் இழுபட்டார், விழவில்லை. கட்டின கையை மேலே தூக்கினார். முதலில் அவள் கை வந்தது, அப்புறம் முகம் வந்தது.

மரத்தடியை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. இவர் மணலில் மண்டியிட்டு வாந்தி எடுத்தார். பிறகு குழந்தைபோல அழுதார். துண்டின் முடிச்சு நனைந்து இறுகிவிட்டதால் அவிழ்க்க முடியவில்லை. ஜீப்காரன் வந்து, விளக்கு வெளிச்சத்தில் கத்தியால் அறுத்துவிட்டான். திட்டு எங்கே இருந்தது என்று கேட்டான். எங்களால் காட்ட முடியவில்லை.

ஊருக்குத் திரும்பின பிறகு அவர் தைரியசாலி ஆகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலில் மறுபடி அந்தச் சட்டையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினார். நாய்க்கும் தெருவை மாற்றினார். "இனிமே என்னைப் பக்கத்துல இருக்கற திருமுக்கூடலுக்குக்கூடக் கூப்பிடாதீங்கோ" என்று சொல்லிவிட்டார். வீராசாமி ஆபீஸில் அந்தமான் கதை சொல்லும்போது மான் வரைக்கும் சொல்வார், அதற்குமேல் சொல்லமாட்டார்.

அடுத்த சித்ரா பௌர்ணமிக்குப் பாலாற்று மணலில் இறங்கினோம். வீராசாமியும் வடிவும் வந்திருந்தார்கள். பொட்டுத் தண்ணீர் இல்லை. இவர் வழக்கம்போலக் கரையேறுகிற இடத்தில் செருப்பை ஜோடியாக வைத்துவிட்டு வந்து, பந்தலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வீராசாமி அதைப் பார்த்தார். திரும்பிப் போய், தன் செருப்பைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். வடிவும் வைத்தாள். ஸிந்துஜா தன்னுடையதைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டை நீட்டினாள்.

தூரத்தில் மேளம் கேட்டது, பெருமாள் வந்துகொண்டிருந்தார். நான் புளியோதரையைப் பிரித்து வைத்துவிட்டு, கரையைப் பார்த்து உட்கார்ந்தேன்.