வைகாசிக் கூடு

பௌர்ணமிக்கு மூன்று நாள் இருக்கும்போதே வசந்தகுமாரிக்குச் சோறு இறங்காது. வாயில் வைத்த கவளம் அங்கேயே நிற்கும். இருபது வருஷமாக இப்படித்தான். ரப்பர் காட்டில் பால் வெட்டும்போது கை கத்தியில் இருந்தாலும் காது கடல் பக்கமே இருக்கும்.

நிக்கோபாரில், கட்சால் தீவில் அவள் வீடு மேட்டில் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு சர்க்கார் கட்டிக் கொடுத்தது. வீட்டுக்குக் கீழே முருகன் கோயில். கோயிலுக்குக் கீழே பதினாறு படி. படி முடிகிற இடத்தில் முன்னே குடியிருப்பு இருந்தது. இப்போது சேறும் மணலும், தலை போன தென்னைகளும்தான். நிலநடுக்கத்தில் தாழ்ந்த நிலம் தாழ்ந்ததுதான். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறி வந்து அத்தனையையும் மூடிவிட்டு, பிறகு தானே இறங்கிப் போகும்.

அந்த நாட்களில் வசந்தகுமாரி படியை விட்டு இறங்கியதே இல்லை. மேல்படியில் உட்கார்ந்து தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பாள். எந்த மரம் முதலில் நனையும், எந்தக் கல் எப்போது மறையும், எத்தனை மணிக்கு ஏற்றம் நிற்கும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பயந்தவள் கண்ணுக்கு எது தப்பும்?

பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாவுக்கு இதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"இந்தா, டர்போக் வந்து குந்திட்டா. கடல்காரன் உனக்கு மாமனா, மச்சானா? இப்படிக் காவல் காக்குறியே."

"காக்கலக்கா. எம்புட்டுத் தூரம் வாறான்னு பாத்துக்கிறேன்."

"நீ பாத்தா நின்னுருவானாக்கும்."

டர்போக் என்றால் இந்தியில் பயந்தாங்கொள்ளி. பயந்த பெண்தான். ஆனால் பௌர்ணமியைக் கொண்டாடாத வீடு இல்லை அது. தைப்பூசத்துக்குச் சின்னக் காவடி வளைப்பார்கள். பங்குனிக்குக் குருத்தோலையில் தோரணம் முடைவார்கள். கார்த்திகைக்கு ஓடைக் களிமண்ணில் அகல் பிடித்துக் காயவைப்பார்கள். வைகாசிக்குக் கூடு. அவள் தாய் தகப்பன் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அங்கே சிங்களவர் புத்தருக்குக் கட்டித் தொங்கவிடும் காகித விளக்கை அவள் அப்பா இங்கே முருகனுக்குக் கட்டினார். யாருக்குக் கட்டினாலும் வெளிச்சம் வெளிச்சந்தானே என்பார். மூங்கிலைச் சிம்பாக வகிர்ந்து, எட்டு மூலை வைத்து நூலால் கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டவேண்டும். பசைக்கு மட்டும் கடைக்குப் போவதில்லை. ரப்பர் பால்தான் பசை. ஒட்டினால் மழைக்கும் பிரியாது.

மார்கழிப் பௌர்ணமிக்கு மட்டும் அந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. அன்றைக்கு அடுப்பே எரியாது.

சுனாமி வந்த அந்த மார்கழிப் பௌர்ணமி, திருவாதிரை நாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும். வசந்தகுமாரி களிக்கு அரிசியை வறுத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் போதவில்லை. "புஷ்பா, ஓடிப் போயி ஒரு குடம் எடுத்தா" என்று தங்கச்சியை வீட்டுக் கிணற்றுக்கு அனுப்பினாள். பூமி ஆடியது. கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது. மகன் தேவேந்திரனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புருஷன் நாகலிங்கத்தோடு அவள் மேட்டுக்கு ஓடினாள். கிணற்றடிக்குப் போனவள் வரவில்லை. போகச் சொன்ன வாய் தன் வாய் என்பதை வசந்தகுமாரி யாரிடமும் சொன்னதில்லை. முருகனிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

தேவேந்திரனுக்கு இப்போது தீவுகளுக்குள் ஓடும் கப்பலில் வேலை. மாதத்தில் பாதி நாள் தண்ணீரில்தான். போன தையில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து சௌமியாவைக் கட்டிக்கொண்டு வந்தான். வாய்க்காலையும் குளத்தையும் பார்த்து வளர்ந்த பெண். ஒருநாள் கூட்டுக்குச் சிம்பு சீவிக்கொண்டே கேட்டாள்.

"அத்தே, பௌர்ணமின்னா ஏன் இப்படி ஆயிடறீங்க? ராத்திரி பூரா நடக்கறீங்களே."

வசந்தகுமாரி உள்ளதைச் சொல்வதற்குப் பதிலாக அப்பா சொன்ன கதையைச் சொன்னாள்.

"நிலா கடலுக்குத் தங்கச்சி. முழுசா வாற அன்னைக்கு அண்ணங்காரன் சீர் எடுத்துக்கிட்டுப் பாக்கக் கெளம்பிருவான். அவ மேல இருக்கா, இவனுக்கு எட்டாது. தேடிக்கிட்டே ஊருக்குள்ள வந்துருவான். அதுக்குத்தான் கூடு. அத நெலான்னு நெனச்சு, தங்கச்சி நல்லாருக்கான்னு திரும்பிப் போயிருவான்."

"அப்ப கூட்டைக் கோயில்ல கட்டினா எப்படி? அவன் கண்ணுல படறாப்பல கட்ட வேணாமா?"

"எங்கப்பா கடல் ஓரத்துத் தென்னையிலதான் கட்டுவாரு. இப்ப அங்க யாரு போறா" என்று சொல்லி வசந்தகுமாரி காகிதத்தைத் தடவிவிட்டாள். கதை அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

வைகாசிப் பௌர்ணமி வந்தது. மத்தியானத்திலிருந்தே கோயிலில் வேலை. வசந்தகுமாரி பொங்கலுக்கு உலை வைத்தாள். நாகலிங்கத்துக்கு மரத்திலிருந்து விழுந்ததில் ஒரு முழங்கால் மடங்காது. அவர் நொண்டிக்கொண்டே விறகு பிளந்தார். மழை மேகம் கூடியிருந்தது. ஜெனரேட்டர் போட்டுக் குழல்விளக்கு எரிந்தது. ஒலிபெருக்கியில் முருகன் பாட்டு. பொழுது விழுந்து இருட்டுக் கட்டியதும் கூட்டை மேல்படிக் கம்பத்தில் கட்டலாம் என்று வசந்தகுமாரி வீட்டுக்குப் போனாள். கூடு இல்லை. சௌமியாவும் இல்லை.

திரும்பி வந்தபோது சொர்ணம்மா தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க வீட்டுப் புள்ளயப் பாத்தீங்களா?"

"கூட்டத் தூக்கிட்டுக் கீழ போனாளே, அஞ்சரை மணி இருக்கும். கடல்கிட்டயே கட்டிட்டா அது அங்கயே திரும்பிரும், அத்தைக்கும் பயம் தெளியும்னு சொன்னா. நல்ல மருமகதான்னு நானும் விட்டுட்டேன்."

வசந்தகுமாரி படிக்கு ஓடினாள்.

தூரத்தில், கடைசித் தென்னையில், கூடு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. கூட்டுக்கும் படிக்கும் நடுவில் நிலம் இல்லை. தண்ணீர் பளபளத்தது. சௌமியா போகும்போது காய்ந்து கிடந்த தரைதான். பௌர்ணமித் தண்ணீர் முன்னால் வராது. ஓடை வழியாகப் பின்னால் சுற்றி வந்து வழியை அடைத்துவிடும். அது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாத பெண் அந்தத் தண்ணீரில் முழங்காலளவில் நடந்து வந்துகொண்டிருந்தாள். கோயில் விளக்கைப் பார்த்து, நூல் பிடித்தாற்போல நேராக.

அந்த நேர்கோட்டில்தான் கிணறு இருந்தது.

அவர்கள் பழைய வீட்டுக் கிணறு. சுற்றுச்சுவர் இடிந்து தரைமட்டமாகிப் போனது. மற்ற நாளில் வாய் திறந்து கிடப்பது தெரியும், ஒதுங்கிப் போகலாம். ஏற்றத்தண்ணீர் மூடிவிட்டால் அங்கே கிணறு இருப்பது கடவுளுக்கும் வசந்தகுமாரிக்கும்தான் தெரியும்.

"நில்லு. சௌமியா, நில்லு" என்று கத்தினாள். பாட்டுச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சௌமியா கையை ஆட்டினாள். அத்தை கூப்பிடுகிறாள் என்று நினைத்து வேகமாக நடந்தாள்.

நாகலிங்கம் டார்ச்சோடு நொண்டி வந்தார். "நான் போறேன், நகரு."

"உங்க காலால ஏலாது. டார்ச்ச அணைங்க. வெளிச்சத்தப் பாத்துத்தான் வாறா." சொல்லிக்கொண்டே அவள் கோயிலுக்கு ஓடினாள். தர்மகர்த்தா ராஜமாணிக்கம் ஆராதனைத் தட்டோடு நின்றார்.

"ஐயா, ஜெனரேட்டர நிறுத்துங்க. விளக்க எல்லாம் அணைங்க."

"என்ன பேசுற நீ? விசாகத்தன்னைக்குச் சாமிய இருட்டுல வைக்கச் சொல்றியா?"

"எம்மருமக கெணத்துக்கு நேரா வாறா."

அவர் தட்டைக் கீழே வைத்தார். ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். குழல்விளக்கும் பாட்டும் ஒன்றாகப் போயின. ஆனால் சன்னிதியில் பெரிய குத்துவிளக்கு இன்னும் எரிந்தது. ராஜமாணிக்கம் அதைத் தொடத் தயங்கினார். வசந்தகுமாரி உள்ளே போனாள். பிறந்த நாள் முதல் விளக்கை வாயால் ஊதியறியாதவள். முந்தானையால் ஐந்து திரியையும் அமுக்கினாள். "பாவமெல்லாம் எனக்கே இருக்கட்டும் முருகா" என்றாள். விரல் சுட்டது.

இருட்டு. மேகத்துக்குள் நிலா. கடல் இரைவது மட்டும் கேட்டது.

"அத்தே?" தண்ணீருக்குள்ளிருந்து சின்னக் குரல். "அத்தே, ஒண்ணும் தெரியல."

"தெரிய வேணாம்மா. நில்லு. ஒரு அடி எடுத்து வைக்காத. நான் வாறேன்."

சொல்லிவிட்டாள். இனி இறங்கவேண்டும்.

பதினாறு படியையும் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. கடைசிப் படியில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது நின்றுவிட்டாள். ஓடையில் முதலை உண்டு. போன வருஷம் ஒரு நாயைக் கொண்டுபோனது. ஆனால் அவளைப் பிடித்து நிறுத்தியது முதலை இல்லை. அந்தத் தண்ணீரின் வாசம். சேறும் உப்பும் கலந்த அதே வாசம்.

"அத்தே, தண்ணி ஏறுது."

படியோரம் விழாவுக்கு நட்டிருந்த கொடிக் கம்பு ஒன்றைப் பிடுங்கி ஊன்றிக்கொண்டு வசந்தகுமாரி நடந்தாள். வாய் கந்தனை அழைத்தது, கால் தன் தெருவைத் தேடியது. இது குழாயடிச் சிமெண்டுத் தரை. இது அம்மா வீட்டு வாசல்கல். இங்கே இடது பக்கம் ஒதுங்க வேண்டும். தொடை வரை தண்ணீர். ஏதோ ஒன்று காலில் உரசிப் போனது. மட்டையாகத்தான் இருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அப்புறம் கம்பு கல்லில் தட்டியது. துணி துவைக்கிற கல். அதற்கு வலப்புறம் கம்பை விட்டுப் பார்த்தாள். அடி எட்டவில்லை. கம்பு முழுதும் உள்ளே போனது.

இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கிணற்றடியில் நிற்கிறாள்.

மேகம் விலகி நிலா வந்தது. சௌமியா நாலு முழத்துக்கு அப்பால் நின்றாள். இரண்டு கையையும் நெஞ்சில் கட்டியிருந்தாள். கிணற்றுக்கும் அவளுக்கும் இன்னும் இரண்டே எட்டு.

"அங்கயே இரு. நான் சுத்தி வாறேன்."

கல்லைச் சுற்றிப் போய் அவள் கையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. வந்த வழியே, கம்பு ஊன்றிய தடத்திலேயே திரும்பினார்கள். சௌமியா பாதி வழியில் சொன்னாள்.

"அத்தே, கூடு கட்டினேன். ஆனா அது திரும்பிப் போகல."

"போகாதும்மா. அது கதை."

"பின்ன எனக்கு ஏன் சொன்னீங்க?"

வசந்தகுமாரி கம்பை அடுத்த அடிக்கு ஊன்றினாள். படியேறி நாகலிங்கம் நீட்டிய துண்டால் அவள் தலையைத் துவட்டும்போதுதான் சொன்னாள். களி, குடம், புஷ்பா, தான் சொன்ன சொல், எல்லாம். சொர்ணம்மா கேட்டுக்கொண்டு நின்றாள்.

ராஜமாணிக்கம் தீப்பெட்டியோடு வந்தார். "அணைச்சவளே ஏத்து. ஆராதனை நிக்குது."

நனைந்த சேலையோடு சன்னிதிக்குள் போகக் கூசினாள். அவர் விடவில்லை. ஐந்து திரியும் ஏற்றி முடிக்க அவளுக்கு ஒன்பது குச்சி ஆனது.

ஆனிப் பௌர்ணமிக்கு அந்த வீட்டில் வழக்கமாகக் கூடு கட்டுவதில்லை. இந்த ஆனியில் கட்டினார்கள். மத்தியானம் மூன்று மணிக்குக் கடல் நன்றாக வற்றிக் கிடந்தபோது நாகலிங்கம் கிணற்றோரம் நீள மூங்கில் ஒன்றை நட்டார். வாய்க்குக் குறுக்கே பழைய தண்டவாளம்போலக் கனமான இரண்டு தென்னங்கட்டைகளைப் போட்டார். சௌமியா எண்ணெய் நிறைய விட்டு விளக்கேற்றி, கூட்டைக் கயிற்றில் மூங்கில் உச்சிக்கு இழுத்துக் கட்டினாள். வசந்தகுமாரி கல்லின் மேல் ஒரு பிடி பூ வைத்தாள். வைத்த கையோடு, "போதும், போதும், ஏறுங்க" என்று எல்லாரையும் விரட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டாள்.

அன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மேல்படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மருமகள். பொழுது சாய்ந்தது. ஓடை வழியாகத் தண்ணீர் பின்னால் சுற்றி வந்தது. துவைக்கிற கல் மறைந்தது. பூவைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனது. கிணறு இருந்த இடத்தில் கூடு மட்டும் எரிந்தது.

"எப்ப நிக்கும் அத்தே?"

"ஒம்பதரைக்கு."

"நிச்சயமா?"

வசந்தகுமாரி அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இது வரைக்கும்" என்றாள்.