ஒருவன் விழுந்தால் ஐவர்

என் கணவர் ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஓய்வு கிடைத்தால் கட்டைவிரல் உயரப் போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் அடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நண்பரோடு போர் விளையாட்டு நடக்கும். நவாபு காலத்துப் படை தெர்மாகோல் மலையில் ஏறும், மலைக்காரர்கள் தடுப்பார்கள்.

நான் மலை மேலுள்ள கரியாலூர்க்காரி. எனக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன். விதிகளைப் படித்ததும் கோபம் வந்தது. அடிபட்ட பொம்மையை மட்டும் எடுத்துவிட வேண்டுமாம். பிறகு பகடையில் ஆறு விழுந்தால் துணைப்படை எங்கிருந்தோ முளைத்து வருமாம்.

"எங்க மலையில ஒருத்தன் உழுந்தா நாலு பேர் டோலி கட்டித் தூக்கினு போவாங்க. அதனால அஞ்சு பொம்மைய எடுக்கணும். ரெண்டு சுத்து கழிச்சு அந்த நாலு பேரும் வழியில இருக்கற ஊர்க்காரங்களச் சேத்துக்கினு எட்டு பேரா வரணும்" என்றேன்.

"அடி வாங்கினா ஆளு ஜாஸ்தியா? இது இன்னா நியாயம்?" என்று என் கணவர் சிரித்தார்.

"ரெண்டு சுத்துக்கு ஆள் கம்மியாவுதே, அது கண்ணுக்குத் தெரியலயா? ஒரு ஆட்டம் பாருங்க. தோத்தா இந்த மேசைப் பக்கமே வரமாட்டேன்."

நண்பர் நவாபு படையை எடுத்துக்கொண்டார். எனக்குத் துளியும் பயமில்லை. என் விதி நன்றாகவே வேலை செய்தது. தூக்கிப் போனவர்கள் கூட்டமாகத் திரும்பி வந்து அவரைப் பாதி மலைக்குக் கீழே தள்ளினார்கள். கடைசிச் சுற்றில் உச்சியில் எனக்கு ஐந்து பேர் மிச்சம். உச்சியைப் பிடித்திருப்பவருக்கே வெற்றி. அப்போது பார்த்து என் ஆள் ஒருவன் விழுந்தான்.

நால்வரும் அவனைத் தூக்கிப் போனால் உச்சி காலி. திரும்பி வர இன்னொரு சுற்றும் கிடையாது.

கணவர் குனிந்து மெல்லச் சொன்னார்: "இதோட ஆட்டம் முடியுது. அவன உட்டுட்டு நில்லு. யாரு கேக்கப் போறாங்க?"

என் அப்பாவை ஒரு மழைக்காலத்தில் அப்படித் தூக்கி வந்தார்கள். அதில் இரண்டு பேர் சாமை அறுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர்கள். அப்பா பிழைத்தார், அவர்கள் கதிர் மழையில் நனைந்து முளைத்துவிட்டது. நான் எப்படி விட்டுவிட்டு நிற்பேன்? ஐந்தையும் எடுத்தேன். நவாபு உச்சிக்கு ஏறினார்.

தோற்றது வலித்தது. ஆனால் விதி சரி என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகமில்லை. எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினேன்.

"எங்க போறீங்க அண்ணி? உக்காருங்க" என்றார் நண்பர். பொம்மைகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். "இந்தத் தடவ மலை எனக்கு."

முதல் சுற்றிலேயே அவர் ஆளில் ஒருவன் விழுந்தான். அவராகவே ஐந்து பொம்மைகளை எடுத்து ஓரமாக வைத்தார்.