நுரையீரலுக்குள் வைத்த கம்பி: ஹமில்டனிலிருந்து ஒக்லாந்துக்கு

1997 ஓகஸ்டில் மூன்று நாள் என்று சொல்லிக்கொண்டு ஹமில்டனிலிருந்து ஒக்லாந்துக்குப் புறப்பட்டவன் பதினாறு நாள் கழித்துத்தான் திரும்பினேன். என் தம்பி நேசனுக்கு நுரையீரலில் சத்திரசிகிச்சை. ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணம் அல்ல. ஆனாலும் சொந்தக்காரரின் வைத்தியத்துக்காக அந்த நகரத்துக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும். அப்போது எனக்கு எழுதத் தெரியாது. தமிழ் எழுத்துகளைப் படித்து முடித்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஒரு பந்தி எழுதி முடிக்க ஒரு காலைப்பொழுது போகிறது. ‘சத்திரசிகிச்சை’ என்பதைப் பிழையில்லாமல் எழுதிவிட்டு, எழுந்து போய் ஒரு தேநீர் ஊற்றிக் குடித்தேன். அவ்வளவு சந்தோஷம். சொல்லப்போவது சந்தோஷமான விஷயம் அல்ல.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹமில்டனில் பேருந்து ஏறினேன். நூற்றிருபத்தைந்து கிலோமீற்றர், இரண்டு மணி ஐந்து நிமிடம், கட்டணம் இருபத்திரண்டு டொலர். ஓகஸ்டில் அந்தப் பாதை முழுக்கப் பனிமூட்டம். ஜன்னல் ஓரம் இருந்தும் ஒன்றும் தெரியவில்லை. ஒக்லாந்தில் இறங்கி, சான்ட்ரிங்ஹாம் போகிற நகரப் பேருந்துக்குப் பத்து நிமிடம் நடந்தேன். அதற்கு இரண்டு டொலர் இருபது சதம், இருபத்தைந்து நிமிடம். இலக்கங்கள் எனக்கு அப்போதும் தெரியும். எழுத்துத்தான் தெரியாது. அதனால் பேருந்து நம்பரைப் பார்த்து ஏறி, மகள் எழுதித் தந்த முகவரித் துண்டைச் சாரதியிடம் நீட்டினேன்.

அவர் ஃபிஜி இந்தியர். துண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். “இது எங்கள் நேசன் வீடாச்சே. நீங்கள் யார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்டால் பாதி எனக்கு விளங்கும்.

“அண்ணன்.”

“அவரை இன்னும் ரெண்டு மாசம் வீட்டிலேயே படுக்கவையுங்கள். அவர் லீவு போட்ட நாளிலிருந்து இந்த ரோட்டில் எல்லா பஸ்ஸும் நேரத்துக்கு ஓடுது.”

நேசனும் அதே பாதையில்தான் பேருந்து ஓட்டினான். சிரித்துக்கொண்டே, வாசலுக்கு நேரே என்னை இறக்கிவிட்டார்.

நேசன் கதவைத் திறந்து, நான் உட்காரும்வரை தான் இருக்காமல் நின்றான். அது எங்கள் வீட்டு வழக்கம். அப்பா இறந்தபோது அவனுக்கு மூன்று வயது, எனக்குப் பத்து. நான் லொறியில் மூட்டை ஏற்றப் போனேன், அவன் பள்ளிக்கூடம் போனான். அதற்கான மரியாதையாக, நான் அறைக்குள் வந்தால் அவன் எழும்புவான். அவனுக்கு நாற்பத்தைந்து வயதாகியும் எழும்பினான். “இரு” என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போய், பிறகு ஸ்கான் எடுத்ததில் வலது நுரையீரலில் எட்டு மில்லிமீற்றரில் ஒரு புள்ளி தெரிந்திருந்தது. சிகரெட் பிடித்த மனிதன், எல்லோருக்கும் ஒரே பயம். புற்றுநோயா இல்லையா என்பதை அதை வெட்டியெடுத்துப் பார்த்தால்தான் சொல்லலாம் என்றார்களாம். மதியம் சோறு சாப்பிட்டுக்கொண்டே நேசன் எனக்கு விளக்கினான்.

“ஸ்பஞ்சுக்குள்ளை ஒரு உளுந்து கிடக்கிற மாதிரி, அண்ணை. ஓட்டை போட்டுக் கமரா விட்டாலும் வெளியாலை தெரியாது. அதாலை முதல்லை ஸ்கான் மெசினுக்குள்ளை படுக்க வைச்சு, பாத்துப் பாத்து மெல்லிய ஊசியை இறக்கி, ஒரு கம்பியைப் பக்கத்திலை விடுவினம். நுனியிலை தூண்டில் முள்ளு மாதிரிக் கொக்கி. பிறகு சேர்ஜன் கம்பியைப் பிடிச்சுக்கொண்டே போய் அந்தத் துண்டை மட்டும் வெட்டுவார்.”

“கம்பி இல்லாட்டி?” என்று கேட்டேன்.

“நெஞ்சைப் பெரிசா வெட்டிக் கையை விட்டுத் தடவ வேணும். இது மூண்டு சின்ன ஓட்டை. ஒரு மாசத்திலை திரும்ப ஸ்டியரிங் பிடிச்சிடுவன்.”

“முதல்லை சோத்தைச் சாப்பிடுங்கோ, பிறகு டொக்டர் வேலை பாக்கலாம்,” என்றார் அவன் மனைவி ராணி.

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு ராணி காரில் கூட்டிப்போனார். ஆறு கிலோமீற்றர், பதினைந்து நிமிடம். எட்டு மணிக்கு நேசனை ஸ்கான் அறைக்குள் கொண்டுபோனார்கள். எங்களை வெளியே இருத்திய தாதி மதுரைக்காரர். தமிழ் கேட்டதும் எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

“ஐயா, நாப்பது நிமிஷம் ஆகும். கம்பி வெச்ச பிறகு அவர் ஆடாம அசையாம படுத்திருக்கணும். ஆபரேஷன் தியேட்டர்ல கூப்பிடுற வரைக்கும் பக்கத்து ரூம்லதான் இருப்பாரு. நீங்க உள்ளே வரவேணாம், நானே வந்து சொல்றேன். சரிங்களா?”

“ஓம்” என்றேன்.

உள்ளே நடந்ததை நேசன் பிறகு சொன்னான். ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்களாம். கொஞ்சம் கூடினாலும் புள்ளி இடம் மாறிவிடுமாம். சாரதி அல்லவா, அளவு தப்பாமல் பிடித்திருக்கிறான். டொக்டர் மெச்சினாராம். கம்பி முதல் தடவையிலேயே சரியான இடத்தில் இருந்தது.

எட்டு ஐம்பதுக்கு ராணி வேலையிடத்துக்குத் தொலைபேசி எடுக்கக் கீழே போனார். நான் தனியே இருந்தேன். யாரோ கட்டில் தள்ளிக்கொண்டு வெளியே வர, பக்கத்து அறைக் கதவு திறந்தபடி நின்றது. உள்ளே நேசனின் கால் தெரிந்தது. கதவில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாததால் உள்ளே போனேன் என்றுதான் இந்தப் பந்தியை முதலில் எழுதினேன். பிறகு அழித்தேன். அந்தத் தாதிப் பிள்ளை தமிழில் சொல்லியிருந்தார். எனக்கு விளங்கியும் இருந்தது. நான் அண்ணன், எனக்கு எதற்குத் தடை என்று நினைத்துத்தான் போனேன்.

நேசன் இடது பக்கம் சரிந்து படுத்திருந்தான். வலது விலாவில் பஞ்சும் பிளாஸ்டரும் ஒட்டியிருந்தன. என்னைக் கண்டான். இடது முழங்கையை ஊன்றி எழும்பினான்.

“கிட, கிட” என்றேன். அதற்குள் அரைவாசி எழும்பிவிட்டான். முகம் ஒருதரம் சுருங்கியது. திரும்பச் சரிந்தான்.

“நொந்ததோ?”

“சுருக்கெண்டது. ஒண்டுமில்லை அண்ணை.”

“அந்தப் பிள்ளையைக் கூப்பிடட்டோ?”

“வேண்டாம். உள்ளுக்கு வந்ததுக்கு உங்களைத்தான் ஏசுவினம்.”

அப்போதே தாதி வந்துவிட்டார். என்னைக் கண்டதும் முகம் மாறியது. ஏசவில்லை. நேசனிடம் குனிந்து, “அசைஞ்சீங்களா?” என்று கேட்டார்.

“இல்லை,” என்றான் நேசன்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். இருபது அடி தூரத்தில் ஸ்கான் மெசின் இருந்தது. திரும்பப் படுக்கவைத்துப் பார்த்திருப்பார்கள், கம்பியைத் திரும்ப வைத்திருப்பார்கள். என்ன, மகள் வயதுப் பெண் ஒருத்தி தம்பியின் முன்னால் என்னை ஏசியிருப்பாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பத்து மணிக்கு உள்ளே போனவன் பதினொன்றரைக்கு வருவான் என்றார்கள். இரண்டேகாலுக்குத்தான் சேர்ஜன் வெளியே வந்தார். ராணியிடம் ஆங்கிலத்தில் பேசினார். ராணி எனக்குச் சொன்னார்: “கம்பி கழண்டு போச்சாம், அத்தான். கமராவிலை ஒண்டும் தெரியேல்லையாம். பெரிசா வெட்டித்தான் எடுத்தவையாம். சிலவேளை இப்பிடித் தானாகவும் நடக்குமாம்.”

தானாகவும் நடக்கும் என்ற சொல்லை நான் அன்றே இறுகப் பிடித்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, எப்போதோ வந்து ஆறிய சயரோகத்தின், அதாவது காசநோயின், தழும்பு. ராணி அழுதார். நேசன் சிரிக்கப் பார்த்தான், விலா விடவில்லை. மூன்று நாளில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன் பன்னிரண்டு நாள் கிடந்தான். விலா எலும்புகளை விரித்த இடத்து நோவு அவனை விட்டுப் போகவே இல்லை. எட்டு மணி நேரம் ஸ்டியரிங் திருப்ப முடியாமல், அடுத்த வருடம் பேருந்தை விட்டுவிட்டு டிப்போவில் மேசை வேலைக்குப் போனான். அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. போன வருடம் ஒக்லாந்தின் லின்ஃபீல்டில் இதயம் நின்று இறந்தான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கு நாள் குறிக்காதீர்கள். வைத்தியசாலைச் சாப்பாடு நம் வாய்க்குச் சரிவராது. சான்ட்ரிங்ஹாம் கடைகளில் பருப்பும் அரிசியும் கிடைக்கும், சமைத்துக் கொண்டுபோங்கள். பேச்சு விளங்காவிட்டால் மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள். இப்போது அந்தப் புள்ளியை அடையாளம் வைக்க வேறு முறைகளும் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள், எது என்று கேட்டு வையுங்கள்.

இதை இங்கே போடுவதற்கு முன் ராணிக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நான் வாசிக்கிறேன் என்பதில் அவருக்கு முதலில் சந்தோஷம், “வடிவா வாசிக்கிறியள், அத்தான்” என்றார். கதவு திறந்திருந்த இடம் வந்ததும் அவர் ‘ம்’ போடுவது நின்றது. முடித்தேன்.

“அவர் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை,” என்றார். பிறகு, “இவ்வளவு வருசமும் நான் அந்த டொக்டரையெல்லோ திட்டிக்கொண்டிருந்தன்.”

“ஓம்.”

“இதைப் போடுங்கோ. நான் பிறகு போன் எடுக்கிறன்.”

இன்றைக்கு ஒன்பது நாள். இன்னும் எடுக்கவில்லை.

கம்பி வைத்த பிறகு உங்கள் ஆள் அசைந்துவிட்டால், ஒரு விரற்கடை அசைந்தாலும், அந்த நிமிடமே தாதியிடம் சொல்லுங்கள். ஏசுவார்கள். நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.