எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனவர்

முப்பத்தேழு. முதன்முதலாகப் பந்தயக் கோட்டில் சைக்கிளை நிறுத்தியபோது அவருக்கு இருந்த வயது. புதியவர்களுக்கான அந்தப் பந்தயத்தில் அவருக்கு அடுத்தபடி மூத்தவருக்கே இருபத்தெட்டுதான்.

வேலை, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில். ஈரமான படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, சுருக்கமில்லாமல் இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் செலுத்த வேண்டும். மறுமுனையில் நிற்பவர் அவருடைய நாத்தனார், கணவரின் தங்கை. கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்காது.

வேலைக்குப் போவது பழைய சைக்கிளில், மேம்பாலம் ஏறி. அந்த ஏற்றத்தில் ஒருநாள், இறுக்கமான பந்தய உடையில் போன ஒரு பெண்ணைச் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடியே முந்திவிட்டார். முந்தப்பட்டவர் ஒரு பந்தயக் குழுவின் தலைவி; பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கும் இளம்பெண். சிக்னலில் வந்து பிடித்தார்.

“அக்கா, நில்லுங்க. எங்க டீமுக்கு வர்றீங்களா?”

நகர அளவில் நடக்கும் பந்தயத் தொடருக்குக் குழுவில் ஓர் இடம் காலி. புதியவர்களுக்கு இரண்டு பந்தயங்கள் உண்டு. ஏதாவது ஒன்றில் முதல் பத்துக்குள் வந்தால் இடம் அவருக்கு. இல்லையென்றால் அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

“அடுத்த வருஷமெல்லாம் வேணாம். இந்த வருஷமே வர்றேன்” என்றார்.

முதல் பந்தயம், போக்குவரத்தை நிறுத்திய கிடங்குத் தெருக்களில். கொடி அசைந்ததும் முன்னால் போனார். அதன்பின் முன்னாலேயே இருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அண்ணி முதலில் வருவதைப் பார்த்த நாத்தனாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உறவுக்காரர் எல்லோருக்கும் போன் போட்டார். “அண்ணிதான் ஃபர்ஸ்ட்! மத்ததெல்லாம் பின்னாடி வால் மாதிரி வருதுங்க!”

கடைசித் திருப்பத்தில் அந்த வால் மொத்தமாக அவரைக் கடந்து போனது. பத்தொன்பதாவது இடம்.

“நீங்கதான் எல்லாரையும் இழுத்துட்டுப் போனீங்க” என்றார் தலைவி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. “முன்னாடி போறவங்கதான் காத்தோட மல்லுக்கட்டணும். பின்னாடி ஒட்டிக்கிட்டா பாதி உழைப்புதான். அதனால மாறி மாறிப் போவாங்க. முழங்கையை ஆட்டினா, ‘நீ முன்னாடி வா’ன்னு அர்த்தம்.”

“யாராவது முந்திடுவாங்களோன்னுல்ல உயிரைக் குடுத்து மிதிச்சேன்!”

“முந்த விடணும்க்கா.”

மறுநாள் விரிப்பின் மறுமுனையிலிருந்து நாத்தனார் ஆரம்பித்தார். “அண்ணி, கோப்பை எவ்வளவு பெருசுன்னு சித்தப்பா கேக்கறாரு. என்ன சொல்ல?”

“உன்னை யாரு தம்பட்டம் அடிக்கச் சொன்னது?”

“முன்னாடி வந்தீங்க, சொன்னேன். பின்னாடி வந்திருந்தா வாயே திறந்திருக்க மாட்டேன்.”

“இழுத்துப் பிடிடி, சுருக்கம் விழுது.”

இரண்டாவது பந்தயத்துக்குள் அவருக்கு ‘எஞ்சின்’ என்று பெயர் விழுந்திருந்தது. ஒருவரும் முன்னால் போகவில்லை. எஞ்சின் இருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன கவலை? அவரும் சில சுற்றுகள் முன்னால் போனார். பிறகு முழங்கையை ஆட்டினார். யாரும் வரவில்லை. மறுபடி ஆட்டினார்.

“நீங்களே போங்கக்கா, நல்லாத்தானே போகுது!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடவே சிரிப்பு.

அவர் மிதிப்பதை நிறுத்தினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டிலை எடுத்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார். பின்னால் பிரேக்குகள் கிரீச்சிட்டன. கூட்டம் முழுவதும் நடை வேகத்துக்கு வந்துவிட்டது.

ஓரத்தில் நின்ற கணவருக்குப் பதற்றம். லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதைப் பார்த்தாலும் பழுதாகத்தான் தெரியும். “என்னாச்சு? செயின் கழண்டுடுச்சா?”

“சும்மா இருண்ணே” என்றார் நாத்தனார். இந்த முறை அவர் போனைத் தொடவே இல்லை.

“அக்கா, போங்களேன்!” என்றாள் பின்னால் வந்தவள்.

“வழிதான் தாராளமா இருக்கே. நீ போம்மா.”

அவர் அசையவில்லை. கடைசியில் பொறுமையிழந்த ஒருத்தி பக்கவாட்டில் பாய்ந்து முன்னால் போனாள். அவளைத் துரத்திக் கூட்டம் கிளம்பியது. அவர் நான்காவதாகப் போன சைக்கிளுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார். அங்கே காற்றே இல்லை. கால்கள் தானாகச் சுற்றின. ‘அடப்பாவிகளா, இவ்வளவு சுகமாகவா என் பின்னால் வந்தீர்கள்!’ என்று நினைத்துக்கொண்டார்.

கடைசித் திருப்பத்துக்குப் பிறகு, சேர்த்து வைத்திருந்த பலம் அத்தனையையும் மிதியில் இறக்கினார். ஏழாவது இடம்.

“இப்ப சித்தப்பாவுக்குச் சொல்லலாமா?” என்றார் நாத்தனார்.

“சொல்லு. ஏழாவதுன்னு சொல்லு.”

“ஏழாவதா? அது கேக்க நல்லாவா இருக்கு?”

“எனக்கு நல்லாத்தான் இருக்கு.”

நகரத் தொடரின் முதல் பந்தயம் வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில். குழுவின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.